வாடகை தவறும் மாதம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து வீடு என்று வைத்துக்கொள்வோம். மாடியில் வீட்டுக்காரர், வயது 68. கீழ் போர்ஷனில் 80-ஐத் தொடும் ஒரு மாமி. கணவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஒரே பிள்ளை வெளிநாட்டில். பதினெட்டு வருஷமாக இதே வீட்டில் குடித்தனம். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி காலையில் வாடகைப் பணம் ஒரு கவரில் மாடி ஏறி வந்துவிடும். ஒரு மாதம் கவர் வரவில்லை. பத்தாம் தேதி கூச்சத்தோடு கேட்டால், "அன்னிக்கே கொடுத்துட்டேனே" என்கிறார் மாமி. அடுத்த மாதம் வாடகை இரண்டு தடவை வருகிறது. அதற்கும் அடுத்த மாதம் கவர் சரியான தேதியில் வருகிறது. உள்ளே இருப்பது பழைய கரண்ட் பில் ரசீது.

இந்த வீடு கற்பனை. ஆனால் சென்னையில் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர்கள் இதில் ஒரு மாதத்தையாவது அடையாளம் கண்டுகொள்வார்கள். பெரும்பாலும் விஷயம் "வயசாச்சு, மறந்துபோறது" என்ற பேச்சோடு முடிந்துவிடும். வீட்டுக்காரர் கொஞ்சம் கறார் பேர்வழி என்றால், வேண்டுமென்றே செய்கிறார் என்று முடிவு கட்டுவார். இரண்டுமே அவசர முடிவுகள். தனியாக வாழும் முதியவரின் மூளையில் ஏதோ தளர்கிறது என்பது வெளியே தெரியவரும் முதல் வழிகளில் ஒன்று பணப் பட்டுவாடா என்பதற்கு இப்போது நல்ல சான்று இருக்கிறது.

2020-இன் கடைசியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் லாரன் நிக்கலஸும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனி ஆளாகக் குடித்தனம் செய்யும் 81,000-க்கும் மேற்பட்ட முதியோரின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளையும், அவர்கள் கடன் தவணைகளைக் கட்டிய வரலாற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த ஆய்வு அது. பின்னாளில் டிமென்ஷியா என்று கண்டறியப்பட்டவர்கள், அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தவணை தவறியிருக்கிறார்கள். மாரடைப்பு, இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றில் நோய்க்கு முந்தைய ஆண்டுகளில் இப்படி ஒரு போக்கு தென்படவில்லை. பிள்ளை விமானம் ஏறி வந்து, மருத்துவரிடம் கூட்டிப்போய், ஸ்கேன் எடுத்து, நோய்க்கு ஒரு பெயர் கிடைப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கணக்குப் புத்தகத்தில் தடயம் விழுந்துவிடுகிறது.

காரணம் விளங்காததல்ல. வாடகை கொடுப்பது பார்வைக்கு ஒரே வேலை. உண்மையில் அதற்குள் தேதி நினைவு, எண்ணிக்கை, வங்கிக்குப் போக வேண்டும் என்ற முன்யோசனை, கொடுத்தோமா இல்லையா என்ற சரிபார்ப்பு எல்லாம் கோத்துக் கிடக்கின்றன. ஒரு கண்ணி தளர்ந்தாலும் கவர் மாடி ஏறாது. பல் தேய்ப்பது, குளிப்பது, காபி கலப்பது போன்ற பழக்கத்தில் ஊறிய காரியங்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும் பிள்ளைக்கு அம்மா பளிச்சென்று இருப்பதாகத் தோன்றுவதும் இதனால்தான். "சாப்ட்டியாப்பா, அங்க குளிரா?" என்ற அரைமணி நேரப் பேச்சுக்கு அறுபது வருஷப் பழக்கம் போதும்.

அமெரிக்கக் கடன் அட்டைத் தவணையிலிருந்து மாம்பலத்து வாடகைக் கவருக்கு வருவது என் ஊகம்தான்; நம் ஊர் வாடகையை வைத்துச் செய்த ஆய்வை இங்கே நான் முன்வைக்கவில்லை. ஒரு மாதம் வாடகை தவறிய முதியவர் எல்லாருக்கும் நோய் என்பதும் இல்லை. ஆனால் ஊகத்துக்கு வலு சேர்க்கும் இன்னொரு சான்று, எதிர்த்திசையிலிருந்து, தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது.

1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆய்விலோ பத்து சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதே பெயரின் பொருள். இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு களங்கள் சென்னை நகரமும் வேலூர் கிராமப்புறமும். 2008-இல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் நான்காம் பதிப்பு தரும் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தியக் கிராமக் களத்தில் 65 வயது கடந்தவர்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் டிமென்ஷியா, கியூபாவிலோ 6.3 சதவீதம். குழு தானே வகுத்த அளவுகோலைப் போட்டதும் இந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் மறைந்தது. எல்லாக் களங்களிலும் விகிதம் 5.6-க்கும் 11.7-க்கும் இடையில் வந்து நின்றது.

வேலூர்க் கிழவிகளின் மூளை ஏதோ வரம் வாங்கி வந்ததல்ல. கையேட்டின் அளவுகோல் நினைவு குறைந்ததை மட்டும் கேட்பதில்லை. அதனால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறதா என்றும் கேட்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். கூட்டுக் குடும்பத்தில் பாட்டியிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அடுப்படி மருமகள் வசம், வங்கி மகன் வசம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எதில் குறைந்துபோனார் என்று கேட்டால் வீட்டார் என்ன சொல்வார்கள்? "நல்லாத்தான் இருக்காங்க." வேலை எதுவும் எதிர்பார்க்கப்படாத இடத்தில் வேலை கெட்டுப்போவது தெரியாது. குடும்பம் நோயைத் தாங்கிப்பிடிக்கிறது, அதே கையால் மறைத்தும் விடுகிறது.

கீழ் போர்ஷன் மாமியின் நிலை இதற்குத் தலைகீழ். அவரிடம் எல்லாமே எதிர்பார்க்கப்படுகிறது. கேஸ் புக் பண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கொரு தடவை மின்கட்டணம் கட்ட வேண்டும். மோட்டார் போட்டால் நினைவாக நிறுத்த வேண்டும். மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியம் என்றால் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுத்தாக வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும், அத்தோடு வாடகையும். தாங்கிப்பிடிக்க ஆள் இல்லாததால் ஒவ்வொரு தளர்வும் உடனே வெளியே வந்து விழுகிறது. விழும் இடத்தில் நிற்பவர் வீட்டுக்காரர். நம் சட்டமும் மருத்துவமனையும் ஊர்ப்பேச்சும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத சாட்சி அவர் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வந்தது.

சாட்சி இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று சொல்ல முடியாது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனம் நடந்த நாட்களில் முற்றத்தைச் சுற்றி எட்டுப் பத்துக் குடும்பங்கள் இருந்தன. ஒரே குழாயடி, ஒரே கழிப்பறை, நடுராத்திரி இருமினால் எல்லாருக்கும் கேட்கும். ஒரு பாட்டி வழக்கத்துக்கு மாறாக மூன்று மணிக்கு எழுந்து கோலம் போட்டால் காலை ஏழு மணிக்குள் வீடு முழுக்கச் செய்தி. அந்தப் பத்து ஜோடிக் கண்களைப் புகழ்ந்துகொண்டே போகவும் கூடாது. அவை கவனித்தது போலவே கேலியும் செய்தன, பட்டப்பெயர் வைத்தன. இப்போதைய போர்ஷனுக்குத் தனிக் கிரில் கேட், தனி மீட்டர், தனிக் கழிப்பறை. இது முன்னேற்றம்தான், யாரும் திரும்பிப் போக விரும்பமாட்டோம். ஆனால் பத்து ஜோடிக் கண்கள் போய் ஒரு ஜோடிதான் மிச்சம்.

மிச்சமிருக்கும் ஜோடிக்கு வேலை கூடிக்கொண்டே போகிறது. 2021-க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். 60 கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று முதுமை பற்றிய தேசிய நெடுநாள் ஆய்வின் துணை ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் விகிதம் கூடுதல். துணையை இழந்து தனித்து வாழ்வோரிலும் பெண்களே கூடுதல். இரண்டையும் சேர்த்து யோசித்தால் கீழ் போர்ஷனில் நான் மாமாவை வைக்காமல் மாமியை வைத்தது ஏன் என்று புரியும்.

டிமென்ஷியாவை நாம் மறதிநோய் என்கிறோம். அரைப் பெயர் அது. மறதி அதன் ஒரு முகம். வழி தப்புவது, சொல் தப்புவது, பேரம் பேசத் தெரியாமல் போவது, சாதுவாக இருந்தவர் சிடுசிடுப்பது, சிடுசிடுத்தவர் சாதுவாவது எல்லாம் அதில் அடங்கும். மறதி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டதால் மற்ற முகங்களைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதைவிட முக்கியமான இன்னொன்று: முதியவரின் மனம் தடுமாறுவதெல்லாம் டிமென்ஷியா அல்ல. நேற்றுவரை சரியாகப் பேசியவர் இன்று காலை வாசலில் நின்று யாரென்று கேட்கிறார் என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீர்த் தொற்றையோ, உடலில் உப்பு குறைந்ததையோ, நீர் வற்றியதையோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையையோதான். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சிலவகை மாத்திரைகள் சோடியத்தை இறக்கிவிடும். சித்திரை வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காத எண்பது வயது உடம்புக்கு அது போதும். இதை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். இது அவசர நிலை, அன்றே ஆஸ்பத்திரி. காரணத்தைப் பிடித்துச் சரிசெய்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததை யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தால் மண்டைக்குள் மெல்லக் கசிந்த இரத்தம் காரணமாக இருக்கலாம். தைராய்டு குறைவும் பி12 குறைவும் மந்தத்தைக் கொண்டுவரும். பி12 பெரும்பாலும் அசைவ உணவிலும் பாலிலும் இருப்பதால், மரக்கறி மட்டும் உண்டு பாலையும் குறைத்துக்கொண்ட முதியவர்களிடம் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது. துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு அசல் டிமென்ஷியா போலவே வேஷம் போடும். காது மந்தமும் கண்புரையும்கூட அப்படித்தான்: கூப்பிட்டால் பதில் வராததற்கும் கவரில் ரூபாய்க்குப் பதில் ரசீது வைத்ததற்கும் மூளையைத் தொடாத விளக்கம் இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய மருத்துவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எப்போதிலிருந்து? திடீரென்றா, மெல்ல மெல்லவா? மாமியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பிள்ளைக்குத் தெரியாது. வாரம் மூன்று நாள் வரும் வேலைக்காரம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும். மாடியில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

கூட இருந்து பார்த்தவரின் வாக்குமூலத்துக்கு மருத்துவத்தில் தனி மதிப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆன்டனி ஜார்மும் ஒரு சகாவும் 1989-இல் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நோயாளியிடம் எதுவும் கேட்காது. அவரை நன்றாக அறிந்தவரிடம் மட்டும் கேட்கும். மொத்தம் 26 கேள்விகள். பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் இன்று எப்படி என்பதே எல்லாக் கேள்விகளின் அடிநாதம்: கடையில் பணம் கையாள்வது, ஓய்வூதியம், வங்கி, கிழமை, தேதி, புதிய கருவியைப் பழகுவது. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் இந்த முறையால் மதிப்பிடலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். பதினெட்டு வருஷம் வாடகை வாங்கியவர் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். ஆனால் மருத்துவமனையில் "நீங்க பேஷன்டுக்கு யாரு?" என்ற கேள்விக்கு "ஹவுஸ் ஓனர்" என்று சொன்ன மறுகணம், வெளியே உட்காருங்கள் என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே நான் பரிந்துரைப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. "மாமி ஒரு மாதிரி இருக்கா" என்பது மருத்துவருக்கு எதற்கும் உதவாது. மார்ச் 12, இரவு இரண்டு மணி, கேட்டைத் திறக்கச் சொன்னார், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்றார், காலையில் நினைவில்லை என்றார், இது உதவும். பால் கருகிய நாள், ஒரே கடையில் ஒரே நாளில் மூன்று தடவை புளி வாங்கிய நாள், தெளிவாக இருந்த நாள். தெளிவாக இருந்ததையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது சாட்சியம் ஆகாது, குற்றப்பத்திரிகை ஆகிவிடும். அந்த நோட்டு தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது. மாமி தூக்கக்கலக்கத்தில் நைட்டியோடு வாசலில் நின்ற படத்தை "யாராவது இவங்க சொந்தக்காரங்களுக்குச் சொல்லுங்க" என்ற நல்லெண்ணத்தில் பகிர்வதும் அவமதிப்புதான்.

நோட்டு வைத்திருப்பவர் ஒரு நாள் பழிக்கும் ஆளாக நேரும். "என் வளையலை எடுத்துண்டுட்டேள்" என்று மாமி நேரே முகத்தைப் பார்த்துச் சொல்வார். பொருள் திருட்டுப் போனதாக நம்புவது டிமென்ஷியாவில் சாதாரணமாக வரும் அறிகுறி. வைத்த இடம் மறந்துபோகிறது; மறந்தது என்பதும் மறந்துபோகிறது; மிஞ்சுவது பொருள் இல்லை என்ற உண்மை மட்டும். அதற்கு மனம் ஒரு கதை கட்டுகிறது. கதையில் திருடன் எப்போதும் பக்கத்தில் இருப்பவர், பெரும்பாலும் அதிகம் உதவுபவர். பதினெட்டு வருஷப் பழக்கம் முறிவது அனேகமாக இந்த இடத்தில்தான். நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரின் மனைவி சொல்வதும் அன்றுதான். வாதாடாமல் சேர்ந்து தேடுவதே வழி என்று பராமரிப்பு அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒன்று: அறிகுறி என்று தெரிந்துகொண்டதாலேயே எல்லாப் புகாரையும் தள்ளிவிடக் கூடாது. நினைவு தளர்ந்தவரிடம் உண்மையாகவே திருடுவது மிகச் சுலபம். ஏடிஎம் அட்டையை வாங்கிப்போய் எடுத்துத் தருகிறேன் என்பவர்களும் உண்டு.

இனி சட்டத்துக்கு வருவோம். இங்கே வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் இடம் விசித்திரமானது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதற்குத் தரும் வரையறையில் சிந்தனை, மனநிலை, புலனுணர்வு ஆகியவற்றோடு நினைவாற்றலில் ஏற்படும் பெருங்கோளாறையும் சேர்த்திருக்கிறது. ஆகவே முற்றிய டிமென்ஷியாவும் அதன் வட்டத்துக்குள் வரும். அதே சட்டம் பராமரிப்பவர் யார் என்றும் சொல்கிறது: நோயாளியோடு வசித்து அவரைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர். உறவினராக இருக்க வேண்டியதில்லை, கூலி வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். தாராளமான வரையறைதான். ஆனால் வீட்டுக்காரர் மாடியில் வசிக்கிறார், மாமியோடு அல்ல. பன்னிரண்டு படிக்கட்டு அவரை வரையறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இன்னொரு பக்கம், 101-ஆம் பிரிவு எந்த நபருக்கும் ஒரு கடமை வைக்கிறது: மனநோய் உள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவரே அவரைக் கொடுமைப்படுத்துகிறார் அல்லது கைவிடுகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடல் கடந்த பிள்ளை பொறுப்பில் இருப்பவரா? மாதாமாதம் பணம் அனுப்பினால் அது கைவிடுதலா? சட்டத்தின் வாசகம் இங்கே உதவுவதில்லை. தெருவில் வழி தெரியாமல் அலைபவரைப் பொறுத்தவரை 100-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: காவல்துறை அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் அலைபவருக்கு அந்தத் தெளிவு இல்லை.

2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பாருங்கள். பிள்ளையில்லாத முதியவரை உறவினர் பராமரிக்க வேண்டும் என்கிறது. ஆனால் உறவினர் என்பவர், முதியவரின் சொத்தை அனுபவிப்பவர் அல்லது அவருக்குப்பின் அதை அடையப்போகிறவர். வாடகை வீட்டில் இருந்து சொத்தே இல்லாமல் முதுமை அடைந்தவருக்கு அப்படி யார் இருப்பார்கள்? சொந்த வீட்டுக்காரரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு சின்ன வாசல் உண்டு: முதியவர் அதிகாரம் அளித்த எவரும் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அதிகாரத்தை மாமி தெளிவாக இருக்கும் நாளில் அளித்திருக்க வேண்டும்.

வாடகைச் சட்டத்துக்கு வீட்டுக்காரரை நன்றாகத் தெரியும், ஆனால் வசூலிப்பவராக மட்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. வாடகை பாக்கி அதில் வெளியேற்றத்துக்கு ஒரு காரணம்; மனத்தளர்ச்சி காரணம் அல்ல. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளைக் கிளப்புவதற்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் மாமியின் குடித்தனம் வாய்வார்த்தையில் நடப்பது. இப்போது ஒப்பந்தம் எழுதலாம் என்றால், கையெழுத்துப் போடும் நேரத்தில் புரிந்து போடுகிறாரா என்ற கேள்வி வரும். 1872-இன் ஒப்பந்தச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. வழக்குப் போடலாம் என்றால், மனத்தளர்ச்சியால் தன் நலத்தைக் காத்துக்கொள்ள இயலாதவருக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளைப்படி ஒரு காப்பாளரை நியமித்தபின்பே நகர முடியும். கறாராகப் பார்த்தால்கூட, வீட்டைத் திரும்பப் பெறுவதற்கே முதலில் மாமிக்கென்று ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

வீட்டைத் திரும்பப் பெறுவது என்று எழுதிவிட்டேன். அதையும் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி பொய். வீட்டுக்காரரின் கவலையில் கலப்படம் உண்டு. கேஸ் வெடித்தால் எரிவது அவர் வீடு. பதினெட்டு வருஷப் பழைய வாடகை, சந்தை நிலவரத்தில் பாதிகூட இருக்காது. பில்டர் ஒருவர் இரண்டு வருஷமாக வந்து போய்க்கொண்டிருக்கலாம். "மாமிக்குப் பாதுகாப்பான இடம் பார்க்க வேண்டாமா?" என்ற வாக்கியத்தில் எத்தனை பங்கு மாமி, எத்தனை பங்கு பில்டர் என்று சொல்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். இதற்காக நான் வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சுத்தமான கவலைக்குக் காத்திருந்தால் மாமியைப் பார்க்க யாரும் மிஞ்சமாட்டார்கள். ஆனால் கலப்படம் உள்ள சாட்சி தீர்ப்பு எழுதக் கூடாது. அவர் பார்த்ததைச் சொல்லலாம். மாமி எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வதற்கில்லை. பழகிய வீட்டிலிருந்து பெயர்ப்பது டிமென்ஷியா உள்ளவரின் தடுமாற்றத்தைக் கூட்டிவிடக்கூடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இருட்டிலும் கால் பழகிய வழி, கை பழகிய சுவிட்ச், இவைதான் அவருக்கு மிச்சமிருக்கும் நினைவு.

வீட்டுக்காரரின் பயத்தைக் கவனிக்காமல் விட்ட சமூகத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் பக்கம் பார்க்கலாம். 2024-இல் அங்கே வீட்டில் தனியாக இறந்து காவல்துறையின் கணக்குக்கு வந்தவர்கள் 76,020 பேர். அதில் 58,044 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். உடல் நாட்கணக்கில் கிடந்த வீட்டுக்கு அடுத்த ஆள் வரமாட்டார் என்று அஞ்சி, வயதானவர்களுக்கு வீடு தர அங்கே பல உரிமையாளர்கள் மறுக்கிறார்கள். அரசு சட்டத்தைத் திருத்தியது. முதியவருக்கும் உரிமையாளருக்கும் நடுவில் நின்று, குடியிருப்பவரை அவ்வப்போது பார்த்துவரும் அமைப்புகளோடு இணைந்த வீடுகள் என்ற ஏற்பாடு 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பயத்தைக் கண்டித்துப் பயனில்லை என்று தெரிந்து, பயத்தின் பாரத்தை இறக்கிவைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் பயம் வேறு மாதிரி வெளிப்படும்: "ஃபேமிலிக்கு மட்டும்" என்ற வாடகை விளம்பரம் தனி ஆளாக வரும் எழுபது வயதுக்காரரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

சென்னையில் போகும் இடங்கள் இல்லாமல் இல்லை. முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்ஷியா பராமரிப்பிலும் ஈடுபட்டிருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டிலும் வீட்டுக்காரரே பேசலாம், மாமியின் பெயரைச் சொல்லாமலும் கேட்கலாம். ஆனால் கூட்டிப்போகும்போது "நினைவுக்கு டாக்டர்" என்று தொடங்குவதைவிட "பிபி, சுகர் பார்த்து ரொம்ப நாளாச்சே மாமி, நானும் போறேன், வாங்கோ" என்பது பலிக்கும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல் ஆக்கிவைத்த நகரம் இது. 1794-இல் தொடங்கி, இன்று அங்கே இருக்கும் மனநல மருத்துவமனைக்கு நாம் செய்த மரியாதை அவ்வளவு.

மாமி வரமாட்டேன் என்றால்? மறுக்க அவருக்கு உரிமை உண்டு. பிறருக்குத் தவறாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறன் இழந்தவர் ஆகிவிடமாட்டார் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அன்று திரும்பிவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி கேட்க வேண்டியதுதான். அதற்குள் பிள்ளைக்கு நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பலாம். "உங்கம்மாவைப் பார்த்துக்கோங்க" என்ற ஒருவரிச் செய்தி மனத்தாங்கலைத்தான் உண்டாக்கும்; தேதியிட்ட பத்துக் குறிப்புகள் டிக்கெட் எடுக்க வைக்கும்.

இதெல்லாம் நோய் வந்தபின் தேடும் வழிகள். முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுதும்போது ஆதார் நகல் கேட்கிறோம், அட்வான்ஸ் கேட்கிறோம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதி வாங்குகிறோம். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், அவருக்கு எந்த அளவுக்குச் சொல்லலாம் என்று கேட்பதில்லை. அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, அறுபது வயது கடந்த குடித்தனக்காரரிடம் இதைக் கேளுங்கள். வீட்டுக்காரர்களிலும் அறுபதைக் கடந்தவர்கள் உண்டு, அவர்கள் தமக்கும் எழுதிக்கொள்ளலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, தன் சார்பில் பேச ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கும் உரிமை வயதுவந்த எல்லாருக்கும் உண்டு. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. தோழியாக இருக்கலாம், பழைய அலுவலக சகாவாக இருக்கலாம். வீட்டுக்காரர் அந்த இடத்துக்கு வராமல் இருப்பது இருவருக்கும் நல்லது. முத்திரைத்தாள் வேண்டாம், வெற்றுத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும்.